கையெழுத்து வைத்து வாங்கியவர்

கொட்டாஞ்சேனை,
18.03.2025

அப்புக்குட்டி,

இந்தப் பேரைச் சாருஜாவுக்கு முன்னால் சொல்லவேண்டாம் என்று கலியாணம் முடிந்த அடுத்த கிழமையே சொல்லிவிட்டாய். ஆனபடியால் கடிதத்தை அவளுக்குக் காட்டாமல் வாசி. போனில் கதைக்கலாம்தான். நீ எடுத்தால் "அம்மா, பாங்கில நிக்கிறன்" என்கிறாய். சாருஜா எடுத்தால் "மாமி, அவர் நித்திரை" என்கிறாள். கடிதத்தில் எனக்கு ஒருவரும் குறுக்கே கதைக்க ஏலாது. ஏழாம் வகுப்போடு நின்ற கை. எழுத்துப் பிழையைப் பார்க்காதே, விஷயத்தைப் பார்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து துடக்குக் கழிந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரியின் சப்ளை ஒபிசுக்குப் போனேன். கட்டில் விரிப்பும் தலையணை உறையும் தைக்கிற டெண்டருக்கு அவர் தை மாதம் போட்ட விலை என்னவாயிற்று என்று கேட்கத்தான். அரசாங்கம்தானே, ஆறுதலாக வரும் என்று நான் இருந்துவிட்டேன். அங்கே இருந்த கிளார்க் நோனா பைலைப் புரட்டிப்போட்டு, "அம்மே, லியும எவ்வனே" என்றாள். கடிதம் எப்போதோ அனுப்பியாயிற்றாம். எங்கள் விலையைத் தள்ளியாயிற்றாம். காரணம், மாதிரித் துணி கொடுக்கவில்லையாம்.

கொடுக்கவில்லையாம்! மாதிரியை வாங்கிக்கொண்டு சீல் குத்தித் தந்த துண்டு என் கைப்பையில் கிடந்தது. எடுத்து நீட்டினேன். அவள் உள்ளே போய்ச் செக்ரட்டரி மாத்தயாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிங்கள ஆள், ஆனால் தமிழ் கதைப்பார். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கட சீல்தான் அம்மா. ஆனா கடிதம் கெடச்சுப் பத்து நாளைக்குள்ள அப்பீல் போடணும். நீங்க ஏன் வரல்ல?" என்றார்.

எந்தக் கடிதம் என்று கேட்டேன். பதிவுத் தபாலில் வந்த கடிதம் என்றார்.

அங்கேயிருந்து நேரே தபால்கந்தோர். பதிவுத் தபால் கொப்பியைத் திறந்து காட்டினார்கள். மாசி பத்தாம் திகதி. அப்பாவை எடுத்த நாள். வாங்கியவர் கையெழுத்து என்ற இடத்தில் மை ஊறிப் பரவிக் கிடந்தது. ஈரக் கையால் வைத்தது. ஆனாலும் அந்தக் கையெழுத்தின் வாலை எனக்குத் தெரியாதா? உனக்குப் பேனை பிடிக்கப் பழக்கினவள் நான்.

அலுமாரி, லாச்சி, சாமித்தட்டு, மெஷின் மேசை எல்லாம் கொட்டிப் பார்த்துவிட்டேன். இல்லை. எங்கே வைத்தாய்? வென்ற கொம்பனியோடு இன்னும் ஒப்பந்தம் எழுதவில்லையாம். ஏன் பிந்தினது என்று ஒழுங்கான காரணம் காட்டினால் அப்பீலை எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். இந்த ஆஸ்பத்திரி வேலைதான் எங்கள் கடைக்குச் சோறு. அது போனால் மெஷினில் இருக்கிற புளோறன்ஸையும் மற்றப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பவேண்டி வரும். அப்பா இருந்திருந்தால் இப்படிக் கெஞ்சி எழுத வேண்டியிராது.

இந்தக் கடிதத்தையும் பதிவுத் தபாலில்தான் போடுகிறேன். கையெழுத்து வைத்து வாங்கு. பிறகு கிடைக்கவில்லை என்று சொல்ல ஏலாது.

அம்மா


வெள்ளவத்தை,
23.03.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பதிவுத் தபால் போடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் பிளாட்டின் காவல்காரர்கூடச் சிரிக்கிறார்.

அன்றைக்கு வீடு நிறையச் சனம். ஒரு பக்கம் ஐயர் கூப்பிடுகிறார், மற்றப் பக்கம் பெட்டி கொண்டுவந்த பார்லர்காரர் அவசரப்படுத்துகிறார். எனக்கு உடுத்த வேட்டி ஈரம், மேலில் சட்டை இல்லை, விரலில் தர்ப்பை. யார் எதை நீட்டினார்கள், நான் எதில் கையெழுத்து வைத்தேன் என்று எப்படி நினைவிருக்கும்? யாரிடமாவது கொடுத்திருப்பேன். அல்லது எங்கேயாவது விழுந்திருக்கும். விடுங்கள்.

உண்மையாகவே விடுங்கள் அம்மா. மெஷின்களை விற்கலாம். இங்கே பின்னறையைத் துப்புரவாக்கி, புதுக் கட்டிலும் போட்டிருக்கிறோம். கடற்காற்று வரும். பாங்கில் கூட வேலை செய்கிறவர்கள் "உங்கட அம்மா என்ன செய்யிறா?" என்று கேட்டால், வீட்டில் ஆறுதலாக இருக்கிறா என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு விரிப்புத் தைக்கிறா என்று எத்தனை வருஷம் சொல்வது?

இன்னொன்று. எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். டெண்டர் மூடுகிற அன்று காலையில் அப்பா நெஞ்சு கொதிக்குது என்று சொன்னவர். நீங்கள் இஞ்சித் தேத்தண்ணி கொடுத்து, மாதிரித் துணிக் கட்டையும் கையில் கொடுத்து அனுப்பினீர்கள். அந்த ஒபிசுக்கு மூன்று மாடி ஏறவேண்டும், லிப்ட் வேலை செய்யவில்லை. அன்று வந்து படுத்தவர்தான். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், பிறகு பெட்டியில் கொண்டுவந்ததும் நான். எனக்கு எல்லாம் தெரியும். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சாருஜா விசாரித்ததாகச் சொன்னாள்.

அன்பு மகன்,
ஜனா


கொட்டாஞ்சேனை,
27.03.2025

ஜனாவுக்கு அம்மா எழுதுவது.

அன்பு மகன் என்று கீழே எழுதியிருக்கிறாய். மேலே எழுதினதை வாசித்துவிட்டுத்தான் எழுதினாயா?

நெஞ்சு கொதிக்குது என்று அவர் சொன்னது உண்மை. இஞ்சித் தேத்தண்ணி கொடுத்ததும் உண்மை. மிச்சத்தை நீ எங்கேயிருந்து கேட்டாய்? நீ அன்று இங்கே இல்லையே. "நான் கொண்டுபோறன், நீங்கள் படுங்கோ" என்று நான் கட்டைப் பிடித்து இழுத்தேன். "நீ போனால் உன்ரை பேரை எழுதி முடிக்கவே டெண்டர் மூடிப்போடுவாங்கள்" என்று பகிடி விட்டார். வாசலில் மறித்து நின்றேன். சிரித்துக்கொண்டு என்னை விலத்திக்கொண்டு போனார்.

போக முன்னம் அவர் ஒரு போன் எடுத்தவர். யாருக்கு என்று நினைவிருக்கா? "தம்பி, காரிலை ஒருக்கால் கொண்டுபோய் விடுறியோ?" என்று கேட்டார். "லீவு எடுக்கேலாது அப்பா. திரீவீல் பிடிச்சுப் போங்கோவன்" என்றாய். அவர் காது கேளாமல் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நானும் கேட்டேன், மெஷினில் இருந்த புளோறன்ஸும் கேட்டாள். அவள் தைக்கிறதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகும் நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொள்ளி வைக்கிற பிள்ளையிடம் கேட்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீ கேட்டாய், ஆனபடியால் நானும் கேட்கிறேன்.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். போஸ்ட்மன் நேற்று எங்கள் ஒழுங்கைக்கு வந்தான். பிடித்து நிறுத்தினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, நான் அண்டைக்குத் திரும்பிப் போகத்தான் சைக்கிளைத் திருப்பினனான். செத்தவீட்டிலை கவர்மென்ட் கடிதம் நீட்டுறது அழகில்லை எண்டு. தம்பிதான் கூப்பிட்டவர். 'அவருக்குத்தானே வந்தது, தாங்கோ, நான் அவரிட்டையே குடுக்கிறன்' எண்டு வாங்கினவர்."

யாரிடமோ கொடுத்திருப்பேன் என்று எழுதினாயே. அவரிட்டையே குடுக்கிறன் என்று சொல்லியிருக்கிறாய். அவர் எங்கே இருந்தார் அப்போது? நடு அறையில் பெட்டிக்குள் கிடந்தார்.

நேற்றிலிருந்து இந்தச் சொல்தான் என் தலைக்குள் சுற்றுகிறது. மெஷினில் இருந்தாலும் கேட்குது. நான் நினைக்கிறது பிழை என்று எழுது. உன் வாயால் ஒருக்கால் பிழை என்று சொல்லு. நான் நம்புவேன்.

அம்மா


வெள்ளவத்தை,
02.04.2025

அம்மா,

நீங்கள் நினைக்கிறது சரி.

அவருடைய கண்ணாடியையும் அளவு நாடாவையும் நீங்கள் சால்வைக்குக் கீழே வைத்தீர்கள். எல்லாரும் வாய்க்கரிசி போட்டு முடிந்து, பெட்டியை மூடப்போகிற நேரம், அந்த நாடாவுக்குக் கீழே நான் கடிதத்தை வைத்தேன். உடைத்துப் பார்க்கவில்லை. வெளியில் இருந்த ஒபிஸ் பேரைப் பார்த்ததே போதும். அவரை மூன்று மாடி ஏற்றினவர்கள், அவர் கிடந்தபோது என்ன பாடு என்று ஒரு தரம் கேட்காதவர்கள், பிணம் கிடக்கிற வீட்டுக் கதவையும் வந்து தட்டுகிறார்கள். அதுவும் அவரோடு எரியட்டும் என்று நினைத்தேன். பொரளைக் கனத்தைச் சுடலையில் பெட்டி உள்ளே போனபோது எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது.

உள்ளே எது இருந்தாலும் பதிலுக்கோ அப்பீலுக்கோ நாள் எண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியும். துடக்குக் கழியும் மட்டும் நீங்கள் வாசல்படி தாண்டமாட்டீர்கள் என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சும்மா இருந்தேன். ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்க வந்தேன். உங்களோடு இருந்து தேத்தண்ணி குடித்தேன். வாய் திறக்கவில்லை. அந்தக் கடை மூடினால்தான் நீங்கள் மிஞ்சுவீர்கள். அப்பா அந்த மெஷின் இரைச்சலுக்குள்ளேயே காய்ந்துபோனார். நீங்களும் அப்படிப் போவதை நான் பார்க்கமாட்டேன்.

பிழை என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன்.

திரீவீல் பிடித்துப் போகச் சொன்னதை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். அதை நான் மறந்திருப்பேன் என்றா நினைத்தீர்கள்?

ஜனா


கொட்டாஞ்சேனை,
05.04.2025

திரு. சி. ஜனகன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

நேற்றுச் செக்ரட்டரி மாத்தயாவிடம் போனேன். "மகன் வாங்கித் தகப்பன்ரை பெட்டிக்குள்ள வைச்சிட்டார்" என்று சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்து வைத்ததோ தெரியாமல் வைத்ததோ என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு, "எங்கட தாத்தாட பெட்டியில நாங்க அவர்ட றேடியோவ வெச்சோம்" என்றார். நல்ல மனிசன்.

ஆனால் வாய்ச்சொல் காணாதாம். கடிதத்தை வாங்கியவரே சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை, பதினோராம் திகதி, பின்னேரம் மூன்று மணிக்கு முன் அது அவர் மேசையில் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு சித்திரை வருஷ லீவு. லீவு முடிந்த கையோடு மற்றக் கொம்பனிக்கு எழுதிவிடுவார்களாம். இரண்டாம் தரம் நாள் தரமாட்டேன் என்று விரலை நீட்டிச் சொன்னார்.

ஆனபடியால் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதியுதீன் மாஸ்டர் வீட்டுக்கு வாருங்கள். எங்கள் ஒழுங்கை தொடங்குகிற இடம்தான், ஜே.பி., சமாதான நீதவான் என்று போர்ட் போட்டிருக்கிறது. சத்தியக் கடதாசியை அவரே எழுதிச் சீல் வைப்பார். அடையாள அட்டை கொண்டுவாருங்கள். ஏன் வைத்தீர்கள் என்று எழுதத் தேவையில்லை. வைத்தேன் என்று மட்டும் எழுதினால் போதும்.

அழுகிறதையும் கோபிக்கிறதையும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பார்த்துக்கொள்வோம். என்னை வெறுத்துக்கொண்டே வந்து கையெழுத்து வைக்கலாம். எனக்கு அதுவே காணும்.

இப்படிக்கு,
சிவபாதசுந்தரம் அன்னபாக்கியம்


வெள்ளவத்தை,
08.04.2025

அம்மா,

எனக்கு ‘அவர்களுக்கு’ என்று எழுதவேண்டாம்.

வருகிறேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. அரை நாள் லீவு சொல்லியாயிற்று.

ஆனால் ‘தவறுதலாக வைத்துவிட்டேன்’ என்றுதான் எழுதவேண்டும். பாங்கில் மற்றவர்களுடைய கையெழுத்தைச் சரிபார்க்கிற இடத்தில் இருக்கிறேன். தெரிந்துகொண்டு ஒருவருடைய பதிவுத் தபாலை எரித்தவன் என்று என் கையெழுத்தோடு ஒரு கடதாசி அரசாங்கப் பைலில் கிடந்தால் நாளைக்கு யாரும் அதை எடுத்து நீட்டலாம். சாருஜாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இது முடிந்த பிறகு அந்தக் கடையைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

ஜனா


கொட்டாஞ்சேனை,
29.04.2025

அப்புக்குட்டி,

இதை வெறும் முத்திரை ஒட்டித்தான் போடுகிறேன். நீ வாங்கினாயா இல்லையா என்று இனி எனக்கு ஒருவரும் கொப்பி திறந்து காட்டத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததை நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுவேன்.

ஒன்பதரைக்கே பதியுதீன் மாஸ்டர் வீட்டு முன்னறையில் போய் இருந்தேன். புளோறன்ஸ் விறைத்துப்போன முகத்தோடு கூட வந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பிழை திருத்தி ஓய்ந்த மனிசன், உனக்காக மேசையைத் துடைத்து, சிவப்புச் சீலும் மைப்பெட்டியும் எடுத்து வைத்திருந்தார். ‘தவறுதலாக’ என்று நீ கேட்டபடியே எழுதித் தரச் சொல்லியிருந்தேன். எழுதியும் வைத்துவிட்டார். உன் பேருக்குக் கீழே புள்ளிக்கோடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

பத்து மணி போனது. பதினொன்றும் போனது. உனக்குப் போன் எடுத்தேன், அடிக்கவே இல்லை. புளோறன்ஸ் சந்திவரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். திரும்பி வரும்போது ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அக்கா, தம்பி வந்தவர். சந்தியிலை கார் நிண்டது. நான் கையைக் காட்டினன். என்னைக் கண்டிட்டுக் கண்ணாடியை ஏத்தினவர். பேந்து காரைத் திருப்பிக்கொண்டு போயிட்டார்."

"அது வேறை ஆரும். உனக்குக் கண் தெரியாது" என்றேன்.

"எனக்கோ கண் தெரியாது? அந்தக் கார் எடுத்த அண்டைக்கு ரயருக்குத் தேசிக்காய் வைச்சதே நான்தானே. வேதக்காரி தேசிக்காய் வைச்சால் கூடப் பலிக்கும் எண்டு ஐயா பகிடி விட்டவர். எனக்கு நம்பர் பாடம் அக்கா."

ஒரு மணிவரை இருந்தேன். பிறகு மாஸ்டர்தான் கதையைத் தொடங்கினார்.

"தங்கச்சி, மகன் வரமாட்டார் போல. அவர் உங்களுக்கு எழுதின கடிதம் ஒண்டு இருக்கு எண்டு சொன்னீங்களே. அதில எல்லாம் ஒத்துக்கொண்டு எழுதியிருக்கார்தானே? அதைக் கொப்பி பண்ணி இணைச்சு, நீங்க ஒரு சத்தியக் கடதாசி குடுத்தாப் போதும். அவங்க தட்டேலாது."

உன் இரண்டாம் திகதிக் கடிதம் கைப்பையில் இருந்தது. சீல் குத்தின துண்டுக்குப் பக்கத்தில். வெளியே எடுத்தேன். பிரித்தேன். ‘தெரிந்துகொண்டுதான் சும்மா இருந்தேன்’ என்ற இடம் மேலே தெரிந்தது. புளோறன்ஸ் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கடதாசியில் அவள் அடுப்பும் இருந்தது, எங்கள் கடையும் இருந்தது, உன் பாங்கும் இருந்தது.

மடித்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

"மாஸ்டர், புதுசா எழுதுங்கோ. மகன் வாங்கி என்ரை கையிலை தந்தவன். நான்தான் பெட்டிக்குள்ள வைச்சனான். எனக்கு இங்கிலீசும் தெரியாது, சிங்களமும் வாசிக்கத் தெரியாது. அவற்றை பேர் இருந்தது, அவரோடை வைச்சிட்டன் எண்டு எழுதுங்கோ."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி, சத்தியம் பண்றது விளையாட்டில்ல. இது உண்மையா?"

"ஓம்."

புளோறன்ஸ் குருசடையாளம் போட்டாள். எனக்காகவா உனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

எழுதி, வாசித்துக் காட்டி, நான் என் பேரை எழுதி முடிக்க இரண்டு மணி தாண்டிவிட்டது. அப்பா விட்ட பகிடி சரிதான். திரீவீலில் ஏறினால் வருஷத்துக்கு உடுப்பு வாங்க வந்த சனம் முழுக்க றோட்டில். ஆமர் வீதியிலேயே அரைவாசி நேரம் போனது. ஒபிஸ் கேற்றுக்குப் போய்ச் சேர மூன்று மணி கழிந்து கொஞ்சம்தான். காவல்காரர் பூட்டைத் தட்டிக் காட்டினார். "வஹலா அம்மே. ஒக்கொம கெதர கியா. அவுருது இவர வெலா என்ட." எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். வருஷம் முடிந்து வரட்டாம். கேற்றுக் கம்பிக்குள்ளால் கடதாசியை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் வாங்கவில்லை. பிறகு புளோறன்ஸ் என் கையை மடக்கி இறக்கினாள்.

லீவு முடிந்த அன்று போனேன். அந்த நோனா வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொல்லச் செக்ரட்டரி மாத்தயா கேட்டார். "அனே, பவ்" என்றாள் அவள். பாவமாம் நான். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அம்மா, முன்ன வந்து மகன் வெச்சார்னு சொன்னீங்க. இதில நீங்க வெச்சதுன்னு இருக்கு."

"பயத்திலை மகனிலை பழியைப் போட்டனான், மாத்தயா" என்றேன்.

அந்த மனிசன் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத எனக்கு எழுத்துத் தெரியாது. றேடியோக் கதை சொன்ன அதே ஆள். "நாளும் பிந்திப் போச்சு. கதையும் ரெண்டாப் போச்சு. நான் எதை எடுத்து மேல குடுக்கிறது?" என்று பைலை மூடினார். சீல் குத்தின துண்டை நான் இன்னொரு தரம் காட்டினேன். அதைப் பார்க்கவே இல்லை. போன கிழமை மற்றக் கொம்பனியோடு எழுதியாயிற்று.

ஆகவே அரசாங்கப் பைலில் இப்போது இப்படி இருக்கிறது. உன் கையெழுத்துச் சுத்தம். நீ வாங்கினாய், தாயிடம் கொடுத்தாய், அவ்வளவுதான். புருஷனோடு தன் சோற்றையும் சேர்த்து எரித்த மொக்குப் பொம்பிளை நான். அதுவும் போதாமல், பெற்ற பிள்ளையில் பழி போட்டவள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. படிக்காதவள் அப்படித்தான் செய்திருப்பாள் என்று எல்லாருக்கும் லேசாக நம்ப முடிந்தது.

பாசத்தில் செய்தேன் என்று நினைத்துச் சாருஜாவின் மடியில் கிடந்து அழாதே. தன் மகன் கந்தோரில் குற்றவாளியாக நிற்கிறதை அப்பா தாங்கமாட்டார். அவருக்காகச் செய்தேன். உனக்காக என்றால் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்திருப்பேன்.

புளோறன்ஸ் ஹெந்தளையில் ஒரு கடைக்குப் போகிறாள். மற்றப் பிள்ளைகளும் இடம் பார்க்கிறார்கள். போகிற அன்று அவளுக்கு அப்பாவின் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்று முதலில் நின்றாள். பிறகு வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். என் மெஷின் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். ஒழுங்கைச் சனத்துக்குத் தைப்பேன். நீ ஆசைப்பட்டபடி கடை மூடியாயிற்று. உன் பின்னறைக்கு நான் வரமாட்டேன். கடற்காற்று உனக்கு நல்லது, நீயே அங்கே படு.

உன் இரண்டாம் திகதிக் கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். கொப்பி எடுக்கவில்லை. கடிதத்தை என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியும்.

இதில் நான் கையெழுத்து வைக்கவில்லை. வைத்தது காணும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எவ்வளவு கோபித்தாலும் எனக்கு நீ ஒருத்தன்தான். நாளைக்கு என்னையும் அதே நடு அறையில் கிடத்துவார்கள். நீ ஈர வேட்டியோடு தலைமாட்டில் நிற்பாய். எல்லாரும் அரிசி போட்டு விலகினதும், மூடியைத் தூக்க முன்னம், ஒருவரும் உன் கையைப் பார்க்காத அந்த நேரத்தில், எனக்குப் பக்கத்தில் நீ எதை வைப்பாய்?